காணி இழந்த குடும்பமும் காத்த முதுசமும்



முதுசம் என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்றாரிடமிருந்தும் அவர்தம் பெற்றாரிடமிருந்தும் வழிவழியாக வந்த காணிபூமி முதுசம். நாமே பாடுபட்டுச் சேர்த்தது தேடியதேட்டம். இவ்விரண்டின் வேற்றுமையையும் நன்கறிந்த உங்களுக்கு, முதுசம் முழுவதையும் பறிகொடுத்துக் கடல் கடந்துபோன ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். அக்குடும்பத்தில், புதிய நாட்டிலே மூன்றாந் தலைமுறையாக வந்தவரே சாள்ஸ் கரோல். 1776ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேருள் கத்தோலிக்கர் இவர் ஒருவர் மாத்திரமே.

கரோல் குடும்பத்தின் வேர் அயர்லாந்தில் உள்ளது. அந்நாட்டின் நடுப்பகுதியில் ஈலி என்னும் பிரதேசத்தை ஆண்ட ஓ கரோல் என்ற குறுநில மன்னரின் வழிவந்தவர்கள் இவர்கள். ஆங்கில அரசு அயர்லாந்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த காலத்தில், கத்தோலிக்கரின் நிலங்கள் பறிக்கப்பட்டுப் பிறருக்குப் பங்கிடப்பட்டன. 1649இல் குரொம்வெல் படையெடுத்து வந்தபின் இந்தப் பறிப்பு இன்னும் கடுமையாயிற்று. ஒருகாலத்தில் ஒரு நாட்டையே ஆண்டவர்களின் சந்ததியாருக்குப் பழம்பெருமை மிஞ்சியதேயன்றி நிலம் மிஞ்சவில்லை.

இந்த நிலையிலேதான் 1661இல் நம் சாள்ஸ் கரோலின் பாட்டனார் பிறந்தார். அவருக்கும் சாள்ஸ் என்பதே பெயர். தந்தை, மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயராதலால் வாசகர் மயங்காதிருக்க, இவரைப் பாட்டனார் என்றே சொல்லுவோம். அவர் இலண்டனில் சட்டம் பயின்றார். ஆனால் கத்தோலிக்கருக்கு அங்கே முன்னேற வழி ஒடுங்கியிருந்தது. அமெரிக்காவிலோ மேரிலாந்து என்றொரு குடியேற்ற நாடு இருந்தது. பால்டிமோர் பிரபுக்களான கல்வேட் குடும்பத்தினர், கத்தோலிக்கரும் பிறரும் அமைதியாக வாழ 1634இல் அதைத் தொடங்கியிருந்தனர். அந்நாட்டின் சட்டமா அதிபராக நியமனம் பெற்று, 1688ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பாட்டனார் அங்கே போய் இறங்கினார்.

அவருடைய போதாத காலம், அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கத்தோலிக்க அரசர் இரண்டாம் யேம்ஸ் முடியிழந்து ஓடினார். மறு ஆண்டில் மேரிலாந்திலும் புரட்டஸ்தாந்தர் கிளர்ந்தெழுந்து கல்வேட் ஆட்சியைக் கவிழ்த்தனர். பாட்டனாரின் பதவி பறிபோயிற்று. புதிய ஆட்சியாளரை எதிர்த்துப் பேசியதற்காக அவர் சிறைக்கும் சென்றார். எந்தக் கொடுமைக்குத் தப்பி வந்தாரோ, அதே கொடுமை கடல் கடந்து அவர் பின்னே வந்தது. 1704இல் கத்தோலிக்கர் பகிரங்கமாகப் பூசை காண்பது தடுக்கப்பட்டது. வீட்டுக்குள் அமைந்த சிற்றாலயங்களில் மாத்திரமே பூசை காண இடமிருந்தது. 1718இல் அவர்களின் வாக்குரிமையும் போயிற்று.

ஆனால் ஒன்றைச் சட்டம் தடுக்கவில்லை. கத்தோலிக்கர் காணி வாங்கலாம், வியாபாரம் செய்யலாம், வட்டிக்குப் பணம் கொடுக்கலாம். பாட்டனார் இம்மூன்றையும் செய்தார். கல்வேட் குடும்பத்தின் காணி அதிகாரியாயிருந்த ஹென்றி டார்னல் என்பவரின் மகளை மணமுடித்தார். 1720இல் அவர் கண்மூடியபோது அவரது தேட்டம் 47,000 ஏக்கருக்கு மேற்பட்டிருந்தது. தாம் பெற்ற காணிகளுக்கு டொரேகன், லிற்றர்லூனா, ஈலி ஓ கரோல் என்று பெயரிட்டார். இவை அயர்லாந்தில் குடும்பம் இழந்த மண்ணை நினைவூட்டும் பெயர்கள். காணியை அவர்கள் பறித்துக்கொண்டாலும் பெயரைப் பறிக்க அவர்களால் முடியவில்லை.

இரண்டாந் தலைமுறையான தந்தையார் 1702இல் பிறந்து, அன்னாபொலிஸ் நகரில் வாழ்ந்தார். அவருக்கு ஒரே மகனாக 1737ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி நம் சாள்ஸ் பிறந்தார். பெற்றாரின் சட்டப்படியான விவாகம் 1757இலேயே நடைபெற்றது. அதுவரை இம்மகனுக்குப் பிறப்புரிமையால் முதுசம் சேர வழியிருக்கவில்லை. தந்தை விரும்பி எழுதிவைத்தால் மாத்திரமே அவருக்குச் சொத்து. ஆகவே முதுசம் என்பது தகுதியால் பெறவேண்டியது என்ற எண்ணத்திலேயே அவர் வளர்ந்தார்.

கத்தோலிக்கப் பாடசாலை நடத்துவது மேரிலாந்தில் சட்டவிரோதம். ஆதலால் பிள்ளையை 1748இல் பிரான்சு நாட்டுக்கு, புனித ஓமேர் நகரிலிருந்த இயேசு சபையாரின் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பின்பு பாரிசிலும் பூர்ஜிலும் படித்து, இலண்டனில் சட்டம் பயின்று, 1765இல் 27 வயது வாலிபனாக வீடு திரும்பினார். பத்து வயதுப் பாலகனாக விடைபெற்றபோது வழியனுப்பிய தாயார், 1761இலேயே காலமாகிவிட்டார். படிப்புக்காகப் பிள்ளையைத் தூரதேசம் அனுப்பியிருக்கும் தாய்மாருக்கு இந்தப் பிரிவின் கனத்தை நாம் எடுத்துச்சொல்ல வேண்டுமா?

இதற்கிடையில் 1756இல் மேரிலாந்துச் சட்டசபை கத்தோலிக்கரின் காணிகளுக்கு இரட்டை வரி விதித்தது. தந்தையார் மனம் வெறுத்துப்போனார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு, அப்போது பிரான்சின் கீழிருந்த லூசியானாவில் குடியேற எண்ணினார். 1757இல் பிரான்சுக்கே சென்று அங்கு காணி கேட்டுப் பார்த்தார். அது கைகூடவில்லை. கைகூடியிருந்தால் இக்குடும்பம் இரண்டாம் முறையும் புலம்பெயர்ந்திருக்கும்.

வீடு திரும்பிய மகனுக்குத் தந்தையார் கரோல்ற்றன் என்னும் 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை ஒதுக்கினார். அன்றுதொட்டு அவர் கரோல்ற்றன் சாள்ஸ் கரோல் என்று ஒப்பமிட்டார். சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிடும்போது, ஆங்கில அரசர் தம்மை அடையாளங் காணட்டும் என்று துணிந்து ஊர்ப்பெயரைச் சேர்த்தார் என ஒரு கதை உண்டு. அது அழகான கதைதான். ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் அப்படித்தான் ஒப்பமிட்டு வந்தார்.

1770இல் தேசாதிபதி, சட்டசபையின் சம்மதமின்றி அரசாங்க அலுவலரின் கட்டணங்களை நிர்ணயித்தார். 1773இல் கரோல் புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதி அதைக் கண்டித்தார். எதிர்த்தெழுதிய டானியேல் டுலானி, வாக்குரிமையே இல்லாத கத்தோலிக்கனுக்கு இதிலென்ன பேச்சு என்ற தோரணையில் அவரது வேதத்தைத் தாக்கினார். மக்களோ கரோலின் பக்கமே நின்றனர். மூன்றே ஆண்டுகளில், வாக்களிக்க உரிமையற்றிருந்த அந்த மனிதர் தம் நாட்டின் பிரதிநிதியாகக் காங்கிரஸ் சபைக்கு அனுப்பப்பட்டார். 1776 ஓகஸ்ட் 2ஆந் திகதி பிரகடனத்தில் ஒப்பமிட்டார். அவ்வாண்டிலேயே மேரிலாந்தின் புதிய அரசியலமைப்பு கிறிஸ்தவர் அனைவருக்கும் சம உரிமை அளித்தது. அவருடன் புனித ஓமேரில் படித்த உறவினரான யோன் கரோல் சுவாமி, 1789இல் பால்டிமோரின் முதல் மேற்றிராணியாராக நியமனம் பெற்றார்.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவேண்டும். அந்தக் காணிகளைப் பண்படுத்தியவர்கள் யார்? ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே. 1773ஆம் ஆண்டு டிசெம்பரில் டொரேகன் காணியின் அடிமைகளைக் குடும்பம் குடும்பமாக, வயதோடு எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. கரோல் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த அடிமைகள் 300 பேருக்கு மேல். அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. ஆனால் விரும்பி வரவில்லை. தங்கள் பழைய ஊர்ப்பெயரை வைக்க அவர்களுக்கு ஒரு முழக் காணியும் இருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்குத் தம் பூட்டன் பூட்டியின் பெயரை அறிய எஜமானின் கணக்கேடே வழி.

அடிமைத்தனம் தீமை என்று கரோல் அறிந்திருந்தார். அதைப் படிப்படியாக ஒழிக்க மேரிலாந்து மூதவையில் ஒரு மசோதாவையும் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. எனினும் சட்டத்துக்குக் காத்திராமல் தம் அடிமைகளைத் தாமே விடுவிக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. அதை அவர் பொதுவாகச் செய்யவில்லை. மேரிலாந்தில் அடிமைத்தனம் ஒழிந்தது 1864இலேயே. வேதத்தின் பொருட்டு உரிமையிழந்து நொந்த குடும்பம், பிறர் உரிமையிழந்து நோவதைத் தன் வீட்டுமுற்றத்திலேயே கண்டும் பொறுத்திருந்தது.

கரோல் நீண்டநாள் வாழ்ந்தார். அவருடைய பேர்த்தி மரியான், 1825இல் வெல்லெஸ்லிப் பிரபுவை மணந்தார். அப்பிரபு அப்போது அயர்லாந்தில் ஆங்கில அரசரின் பிரதிநிதி! காணியிழந்து வெளியேறியவரின் வழிவந்த கத்தோலிக்கப் பெண், அதே நாட்டுக்கு அரச மாளிகையின் தலைவியாகத் திரும்பினார். 1828இல் பால்டிமோர் ஒகையோ இருப்புப்பாதைக்குக் கரோல் அடிக்கல் நாட்டினார். 1832 நவம்பர் 14ஆந் திகதி, 95ஆவது வயதில், பிரகடனத்தில் ஒப்பமிட்டவருள் கடைசியாக அவர் மரித்தார். டொரேகன் வீட்டுச் சிற்றாலயத்திலே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

வாசகர்களே, நாங்களும் எங்கள் பரம்பரையை எழுதிவைக்க விரும்புகிறோம். ஊர் விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள் ஒருநாள் அதைக் கேட்பார்கள். அப்போது உறுதியில் கண்ட காணியை மட்டும் எழுதாதீர்கள். வேதத்துக்காகப் பொறுத்த கஷ்டத்தை எழுதுங்கள். அந்தக் காணியிலே உழைத்து, உறுதியில் பெயர் வராமற்போனவர்களையும் எழுதுங்கள். அவர்களுக்கு நாம் தீர்க்கவேண்டிய கடன் ஏதும் உண்டானால், அதுவும் முதுசத்தில் சேர்ந்ததே.