மறைத்து வைத்த கருவி

அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாத்தாவில் 1921இல் பிறந்த ஆஸ்டர் பியாசொல்லாவின் இளமை நியூயார்க்கில் கழிந்தது. 1929இல் தந்தையார் வாங்கித் தந்த பண்டோனியோன், அக்கார்டியனுக்கு உறவான துருத்திக் கருவி. பியானோவில் கட்டைகள் சுர வரிசைப்படி அமைந்தவை. கட்டைக்கு ஒரே சுரம். இதிலோ பொத்தான்கள் வரிசையின்றிச் சிதறிக் கிடக்கும். துருத்தியை விரிக்கையில் ஒரு சுரமும் சுருக்கையில் வேறொரு சுரமும் பிறக்கும். இரு கைகளுக்குமாக நான்கு அமைப்புகளைக் கற்றாக வேண்டும். 1933இல் பேலா வில்டா என்னும் பியானோ ஆசிரியரிடம் பாக்கின் இசையைப் பயின்ற சிறுவன், அதனை இக்கருவியிலேயே இசைக்கப் பழகினான்.

மேலை மரபிசையின் மீது வேட்கை மிகவே, டாங்கோவையும் பண்டோனியோனையும் பின்னாளில் தாழ்வெனக் கருதலானார். 1954இல் பாரிசில் நாதியா பூலான்ஷே அம்மையாரிடம் மாணவராகச் சேர்ந்தபோது இரண்டையும் மறைத்தார். அவர் கொண்டுசென்ற படைப்புகளில் அம்மையாருக்குப் பிறர் குரல்களே கேட்டன. இறுதியில் தம் டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். உண்மையான பியாசொல்லா அதில்தான் இருக்கிறார் என்றும், அதனைக் கைவிடலாகாது என்றும் அம்மையார் உணர்த்தினார்.

தாயகம் திரும்பியவர் புதிய டாங்கோவைப் படைத்தார். பழமை போற்றுவோரின் பகையையும் தாங்கினார். 1959இல் தந்தையார் மறைந்த துயரம் 'அதியோஸ் நோனினோ' என்னும் இசையாயிற்று. 1992இல் அவரும் மறைந்தார். நாணி மறைத்த கருவியே அவர்தம் குரலாக நிலைத்தது.