பெயரையும் கணித்தறியச் செய்த பேராசிரியர்

நிரலாக்க மொழி வடிவமைப்பின் முன்னோடிகளுள் ஒருவரான கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1916 நவம்பர் 16 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஆலிவர் மறைகுறியீடுகளை விடுவிப்பதில் வல்லவர். தாயார் ரே பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயிலுங்கால் மனநலம் குன்றியது. பட்டத் தேர்விலும் உயர்தரம் கிட்டவில்லை. ஆய்வாளராகும் வழி அடைபடவே, போர்க்காலத் தொழிற்கூடப் பணிக்குப்பின் பள்ளி ஆசிரியரானார்.

ஹாரோ பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1951 இல் கணிப்பொறிக்கு நிரல் எழுதத் தொடங்கினார். அவருடைய டிராஃப்ட்ஸ் ஆட்ட நிரல் 1952 இல் மான்செஸ்டர் கணிப்பொறியில் இயங்கியது. அவ்வாண்டே பள்ளிப் பணியைத் துறந்து கணிப்பொறித் துறை புகுந்தார்.

பின்னர்க் கேம்பிரிட்ஜில் சி.பி.எல். என்னும் மொழியை உருவாக்கும் குழுவில் சேர்ந்த அன்னார், 1965 இல் பொதுப்பயன் மேக்ரோ ஆக்கி ஒன்றை வெளியிட்டார். மேக்ரோ என்பது ஒரு பெயரை எழுதினால் அதற்குரிய நீண்ட வாசகத்தை அவ்விடத்தில் நிரப்பித் தரும் ஏற்பாடு. அழைக்கப்படும் மேக்ரோவின் பெயரையும் உள்ளீடுகளைப் போலவே முதலில் கணித்தறியச் செய்ததே இவர்தம் நுட்பம். சான்றாக, ஆசிரியர் ஊதியம், எழுத்தர் ஊதியம் என இரு மேக்ரோக்கள் உள்ளன எனக் கொள்வோம். பதவியைத் தெரிவிக்கும் மற்றொரு மேக்ரோவின் விடையை ஊதியம் என்னும் சொல்லுடன் இணைத்தால், அழைக்க வேண்டிய பெயர் தானே உருவாகும். ஒவ்வொரு பதவிக்கும் தனி நிபந்தனை எழுத வேண்டுவதில்லை.

1967 இல் கோப்பன்ஹேகனில் அவர் ஆற்றிய விரிவுரைகள், எண்களைப் போலவே சார்புகளையும் மதிப்புகளாகக் கையாளும் முறையை ஆராய்ந்தன. சார்பு நிரலாக்கத்திற்கு உரமான அவ்விரிவுரைகள் 2000 ஆம் ஆண்டில்தான் இதழில் அச்சேறின. இன்று சார்பு மொழிகளில் மேக்ரோ எழுதி, ஒரு பொருளின் செயல்முறையை அதன் பெயரைக் கொண்டே அழைப்போர், இவர் கையாண்ட நுட்பத்திற்கு நெருங்கிய உறவினர் எனலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் நிரலாக்க ஆய்வுக்குழுவின் முதல் தலைவராக விளங்கிய ஸ்ட்ரேச்சி, 1969 இல் டானா ஸ்காட்டுடன் இணைந்து நிரல்களின் பொருளைக் கணிதத்தால் விளக்கும் நெறியை வளர்த்தார். 1971 இல் பேராசிரியரானார். 1975 மே 18 இல் மறைந்தார். தேர்வு மதிப்பெண் அடைத்த கதவை முப்பத்தைந்தாம் வயதில் உழைப்பால் திறந்த அப்பெருந்தகையின் வாழ்வு, மாணவர் நெஞ்சிற் பதியத்தக்கது.