சுலாலங்கோர்ன் மன்னரும் ஊருண்ணும் அதிகாரிகளும்

அரசு அமர்த்தும் அதிகாரி குடிகளைக் காத்தற்கு உரியவன். காக்க அமர்ந்தவனே கவரத் தொடங்குவானாயின் குடிகள் எங்கே சென்று முறையிடுவர்? எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் பொதுவான இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளெல்லாம் விடை தேடியவர் சுலாலங்கோர்ன் மன்னர். இன்று தாய்லாந்து என வழங்கும் சயாம் நாட்டை அவர் 1868 முதல் 1910 வரை ஆண்டார். ஐந்தாம் இராமர் எனவும் அவரை அழைப்பதுண்டு. மேனாட்டார் கையிற் சிக்காது சயாமைக் காத்தவர் என்றே வரலாற்று நூல்கள் அவரைப் பெரும்பாலும் போற்றும். ஆயின் நாட்டினுள்ளே அவர் நடத்திய போர் அதனினும் நெடியது. அது, பதவியை உணவாக்கி உண்ட பெருமக்களோடு நடத்திய போர். அதனையே இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

சுலாலங்கோர்ன் 1853 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஆம் நாள் பாங்காக் நகரில் மோங்குட் மன்னரின் மகனாகப் பிறந்தார். முடியணி என்று பொருள்படும் வடமொழிவழித் தொடரின் திரிபே அவர் பெயர். தந்தையார் அரசேறுமுன் இருபத்தேழாண்டு பௌத்தத் துறவியாய் வாழ்ந்தவர். கிறிஸ்தவப் பாதிரிமாரிடம் ஆங்கிலமும் இலத்தீனும் பயின்றவர். வானநூலில் ஆர்வம் மிக்கவர். தம் மக்களும் மேனாட்டுக் கல்வி பெறல் வேண்டுமெனக் கருதி, ஆனா லியோனோவென்ஸ் என்னும் அம்மையாரை ஆசிரியையாக அமர்த்தினார். அவர் 1862 முதல் 1867 வரை அரண்மனையிற் கற்பித்தார். 1868 ஆகஸ்டு 18 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணத் தந்தையும் மகனும் சயாம் குடாவின் மேற்குக் கரையிலுள்ள வாக்கோ என்னும் இடத்திற்குச் சென்றனர். ஆண்டு இருவரையும் மலேரியாக் காய்ச்சல் பற்றியது. தந்தை அக்டோபர் முதல் நாள் உயிர் நீத்தார். மகன் நோயினின்றும் முற்றும் தேறாத நிலையில், பதினைந்து வயதில் அரசராக்கப்பட்டார்.

அவர் ஏற்ற நாடு எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவர் செயலின் அருமை விளங்காது. அந்நாட்டில் ஒவ்வொருவர்க்கும் ஒரு தர எண் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அயோத்தியா நகரத்து மன்னர் வகுத்ததாகக் கூறப்படும் அம்முறைக்குச் சக்தினா என்று பெயர். வயலின் அளவால் அமைந்த வலிமை என்பது அதன் பொருள். பேரமைச்சர்க்கு 10,000, எளிய குடியானவர்க்கு 25 அல்லது அதனினும் குறைவு, அடிமைக்கு 5. அவ்வளவு நிலம் அவரவர் கையில் இருந்ததென்பதன்று. மனிதனின் மதிப்பே அவ்வாறு எண்ணால் அளக்கப்பட்டது. உயர்ந்த எண்ணினர்க்கு ஊறு செய்தவன் இறுக்கவேண்டிய அபராதம் மிகுதி. உயர்ந்தோர் குற்றம் செய்யினும் அபராதம் மிகுதி என்றே சட்டம் கூறிற்று. ஆயின் 400 என்னும் எண்ணை எய்தியவர் நீதிமன்றத்திற்குத் தாம் வாராமல் வேறொருவரை அனுப்பலாம். அம்மன்றங்களும் தனித்தனி அமைச்சர்களின் கீழ்ச் சிதறிக் கிடந்தன. ஓர் அமைச்சரின் ஆளைக் குறித்து அவ்வமைச்சரின் மன்றத்திலேயே வழக்கிடும் எளியவன் என்ன நீதி பெறுவான்?

மாகாணத் தலைவர்க்கோ சம்பளம் என்பதே இல்லை. வழக்காடுவோர் செலுத்தும் கட்டணத்திலும், அபராதத்திலும், வரியிலும் ஒரு பகுதியைத் தாமே எடுத்துக்கொள்வர். குடிகளைக் கூலியின்றி வேலை வாங்குவர். இவ்வாறு ஆளுதலைச் சயாமியர் கின் முவாங் என்றனர். ஊரை உண்ணுதல் என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். ஊரை அடித்து உலையிற் போடுதல் என்னும் நம் வழக்கை அறிந்தோர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் வழக்கு அச்செயலைப் பழித்துக் கூறுவது; சயாமில் அதுவே ஆட்சிமுறையின் பெயராயிருந்தது. குடியானவரின் மணிக்கட்டில் அவருடைய தலைவரின் பெயரும் ஊரும் பச்சை குத்தப்பட்டன. அரசனுக்குரிய குடிகள் ஆண்டில் மூன்று திங்கள் கட்டாய ஊழியம் செய்தனர். கடன்பட்டோர் தம்மையும் தம் மக்களையும் அடிமைகளாக விற்றனர். தீயோர் சிலர் ஒரு நன்முறையைக் கெடுத்தனர் என்பதன்று அங்கு நிகழ்ந்தது. முறையே நல்லோரையும் கெடுப்பதாயிருந்தது.

இளமன்னர் பெயரளவிலேயே அரசர். நாட்டை ஆண்டவர் புன்னாக் குடும்பத்துப் பேரமைச்சராகிய சி சூரியவோங். படையும் கருவூலமும் பெரிதும் அக்குடும்பத்தார் கையில் இருந்தன. முன்னரண்மனை என வழங்கிய இரண்டாம் அரசர் பதவிக்கு ஆள் தெரிதல் மன்னருக்கே உரியது. அவ்வுரிமையையும் பேரமைச்சர் கைக்கொண்டு தமக்கு உகந்த இளவரசரை அமர்த்தினார். அதிகாரியின் வரம்பு மீறிய செருக்கு எத்தகையது என்பதைச் சுலாலங்கோர்ன் நூல்களிற் கற்கவில்லை. தம் அரியணையில் அமர்ந்தே கற்றார்.

1871 இல் அவர் சிங்கப்பூரையும் சாவகத்தையும் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் புறப்பட்டு, 1872 இன் தொடக்கத்தில் இந்தியாவில் கல்கத்தா, தில்லி, ஆக்ரா, பம்பாய், காசி முதலிய நகரங்களைப் பார்வையிட்டார். இருப்புப்பாதை, நீதிமன்றம், சிறைச்சாலை, பள்ளி, சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர் ஆகிய அனைத்தையும் உற்று நோக்கினார். அயலார் ஆட்சியின்கீழ் வாழ்தல் எத்தகையது என்பதும் அவர் கண்ணுக்குத் தப்பியிராது.

1873 நவம்பர் 16 இல் இரண்டாம் முறை முடிசூடி ஆட்சியைத் தாமே ஏற்றார். அன்று அவர் முன்னிலையில் பெருமக்கள் யாவரும் வழக்கம்போல் தரையில் வீழ்ந்து கிடந்தனர். அவ்வழக்கம் மேலோர் கீழோரை ஒடுக்குவதன் அடையாளம் என அறிவித்து, அதனை அவர் நீக்கினார். கிடந்தோர் எழுந்து நின்றனர். பெருமக்களின் துறைதோறும் சென்று கரைந்த வரிப்பணத்தை ஒருங்கே கணக்கிட அவ்வாண்டே ஒரு பொதுக் கருவூல அலுவலகம் ஏற்பட்டது. 1874 இல் அடிமைச் சட்டம் வந்தது. அவர் அரசேறிய 1868 முதல் பிறந்த அடிமைக் குழந்தைகளின் விலை, எட்டு வயதிற்குப் பின் ஆண்டுதோறும் குறைந்து, இருபத்தோராம் வயதில் இல்லாதொழியும். உடையவர் இழப்பைப் பலவாண்டுகளிற் பரப்பி, எதிர்ப்பை மெலிவித்த சூழ்ச்சி இது.

ஆயினும் எதிர்ப்பு எழாமலில்லை. கருவூலச் சீர்திருத்தம் பெருமக்களின் மடியில் கை வைத்தது. 1874 டிசம்பரில் முன்னரண்மனை இளவரசரோடு பூசல் மூண்டு, உள்நாட்டுப் போர் மூளுமோ என்னும் அச்சம் உண்டாயிற்று. பூசல் அடங்கியபின் மன்னர் விரைவைக் குறைத்தார். முதியோர் மறையுங்காறும் காத்திருந்தார். அதனிடையே தம் இளவல்களைக் கல்வியில் வளர்த்தார். இருபத்தொரு வயது இளைஞர்க்கு இப்பொறுமை எளிதன்று.

இக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு ஈண்டுக் குறிக்கத்தக்கன. சயாமுக்குத் திறை செலுத்திய வடபுலத்துச் சியாங்மாயில் அமெரிக்க மிஷனெரியாகிய டானியேல் மக்கில்வாரி ஊழியம் செய்துவந்தார். அவ்வூர்த் தலைவன் 1869 இல் கிறிஸ்தவர் இருவரைக் கொல்வித்தான். 1878 இல் கிறிஸ்தவ மணமொன்று, குலதெய்வத்திற்குரிய கட்டணம் செலுத்தப்படவில்லை என்று தடுக்கப்பட்டது. மிஷனெரியார் பாங்காக்கிற்கு முறையிட்டார். அதன் பயனாக, எவரும் தாம் விரும்பிய சமயத்தைத் தழுவலாம் என அவ்வாண்டு அக்டோபரில் அரச ஆணையாளர் அங்கே அறிவித்தார். பௌத்த மன்னர் ஒருவரின் ஆட்சி, உள்ளூர்த் தலைவரின் கொடுமையினின்றும் எளிய கிறிஸ்தவர்க்கு அரணாயிற்று.

மற்றொன்று 1879 இல் நிகழ்ந்தது. பிராசின்புரி மாகாணத் தலைவரான பிரா பிரீச்சா, பொன்சுரங்கப் பணத்தைக் கவர்ந்தார் எனவும் வேலையாட்களைக் கொடுமைசெய்து மாய்த்தார் எனவும் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் மன்னருக்கு நெருங்கிய குடும்பத்தினர். ஆங்கிலத் தூதர் நாக்ஸின் மகளை அண்மையில் மணந்தவர். தூதர் மருமகனைக் காக்கப் போர்க்கப்பலை வரவழைத்தார். மன்னர் இலண்டனுக்குத் தூது அனுப்பினார்; ஆங்கில அரசு நாக்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிரீச்சா கொலைத்தண்டனை பெற்றார். அவ்வழக்கில் புன்னாக் குடும்பத்தாரின் பழம்பகையும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. நீதிக்கெனத் தனி மன்றம் இல்லாத நாட்டில் குற்றவாளியைத் தண்டிப்பதுங்கூடப் பகை தீர்ப்பதாய்த் தோன்றும் என்பதே இதனாற் பெறப்படும் படிப்பினை.

பேரமைச்சர் 1883 இல் மறைந்தார். 1885 இல் முன்னரண்மனை இளவரசரும் மறைய, அப்பதவியே நீக்கப்பட்டது. 1892 இல் மன்னர் அரசாட்சியைப் பன்னிரண்டு அமைச்சுக்களாக வகுத்தார். உள்நாட்டு அமைச்சு அவருடைய தம்பியாகிய தாம்ரோங் இளவரசர்க்குக் கிடைத்தது. ஊருண்ணும் முறைக்கு இறுதி தேடியவர் இவரே. மாகாணங்கள் வட்டங்களாகத் தொகுக்கப்பட்டன. வட்டந்தோறும் மன்னரின் ஆணையாளர் அமர்ந்தார். தலைவர்க்குச் சம்பளம் ஏற்பட்டது. வரிப்பணம் கருவூலம் சேர்ந்தது. தந்தைக்குப்பின் மகன் என வந்த பதவிகள் இடம் மாற்றத்தக்க உத்தியோகங்களாயின. 1897 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்த்தலைவரை ஊராரே தேர்ந்தனர். சிதறிய மன்றங்கள் நீதி அமைச்சின்கீழ் வந்தன. வாக்குமூலம் பெறச் செய்த சித்திரவதை 1896 இல் ஒழிந்தது. ஆக்ஸ்போர்டில் பயின்ற ரப்பி இளவரசர் 1897 இல் சட்டப்பள்ளி நிறுவினார். உத்தியோகஸ்தரைப் பயிற்றும் பள்ளியொன்று 1899 இல் தோன்றிற்று. அதன் வழிவந்ததே மன்னரின் பெயர் தாங்கி 1917 இல் எழுந்த பல்கலைக்கழகம். 1905 இல் அடிமைமுறை முற்றும் ஒழிந்தது. 1908 இல் புதிய தண்டனைச் சட்டம் வெளிவந்தது. எண்ணால் அளக்கப்பட்ட மனிதன் சட்டத்தின்முன் மனிதனாக நிற்கத் தொடங்கினான்.

இவையனைத்தும் அமைதிக்காலத்தில் நிகழ்ந்தன அல்ல. 1893 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக்கினுள் புகுந்தன. மேக்கோங் ஆற்றின் இடக்கரை பறிபோயிற்று. 1909 இல் கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் ஆகியவற்றை ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நீதியும் கணக்கும் சீர்ப்படாவிடின் அதனையே காரணமாகக் காட்டி அயலார் நாட்டைக் கொள்வர் என்பதை மன்னர் நன்கு உணர்ந்திருந்தார்.

இனி அவர் பணியின் குறையையும் கூறுதல் வேண்டும். 1885 இன் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்த இளவரசர் சிலரும் அதிகாரிகளும், மன்னர் அதிகாரத்தையும் சட்டத்தால் வரையறுத்தல் நன்று என விண்ணப்பம் அனுப்பினர். ஆட்சித்துறையைத் திருத்துவதே முதற்கண் வேண்டுவது என மன்னர் விடையிறுத்தார். அவ்விடையில் உண்மையுண்டு. ஆயின் முதற்கண் வேண்டியது நிறைவேறிய பின்னரும் இரண்டாவது வரவில்லை. பழம்பெருங்குடிகள் இழந்த அதிகாரம் குடிகளைச் சேராமல் அரச குடும்பத்தைச் சேர்ந்தது. 1892 இல் அமர்ந்த அமைச்சருட் பெரும்பாலோர் மன்னரின் உடன்பிறந்தாரே. வெளிமாகாணங்களில் பழைய தலைவரின் இடத்தில் பாங்காக்கிலிருந்து புதிய தலைவர் வந்தனர். புதிய வரிகளும் வந்தன. 1902 இல் வடகிழக்கில் உபோன் பகுதியிலும், வடக்கே பிரே நகரிலும் கலகங்கள் எழுந்து படையால் அடக்கப்பட்டன. அதிகாரியை வினவும் உரிமை மன்னரிடம் இருந்தது, குடிகளிடம் இல்லை. அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளில், 1932 இல், அரசின் பள்ளிகளிற் பயின்ற உத்தியோகஸ்தரும் படைத்தலைவருமே முடியரசின் தனியாட்சியை முடித்தனர்.

சுலாலங்கோர்ன் 1910 அக்டோபர் 23 இல் காலமானார். ஆட்சியின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி மக்கள் திரட்டிய பொருளால் எழுந்த குதிரைமேற் சிலை, 1908 இல் அவர் கண்காணவே திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் மக்கள் அதன் அடியில் மலர் சாத்துவர். ஆயினும் தாய் மொழியில் உண்ணுதலைக் குறிக்கும் கின் என்னும் சொல், அதிகாரி கைக்கூலி வாங்குதலையும் இன்றளவும் குறிக்கின்றது. சட்டம் ஒழித்ததை வழக்குச் சொல் நினைவிற் காக்கின்றது; நிகழ்வுகள் அந்நினைவைப் புதுக்குகின்றன.

ஊதியமும் கணக்கும் பொதுச்சட்டமும் இன்றி அதிகாரியிடம் நேர்மையை எதிர்பார்த்தல் பேதைமை என அம்மன்னர் வாழ்வு காட்டுகின்றது. அவை மட்டும் போதா என்பதை அவர் வாழ்வின் குறை காட்டுகின்றது. வீழ்ந்து கிடந்தோரை எழுந்து நிற்கச் செய்தல் ஓர் அரசனால் ஒரு நாளில் இயலும். நின்றவன் தன்னை ஆள்வோனை நோக்கி வினவப் பழகுதலோ தலைமுறைகளின் வேலை. கல்லூரியினின்றும் நாளை அலுவலகங்களிற் புக இருக்கும் நம்மனோர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே நினையத்தக்கன.