மணலில் எழுதப் பழகிய பாதிரியார்

பள்ளிக்கூடம் எதற்காக? இந்தக் கேள்வியைக் கெங்கவல்லிக் கடைவீதியில் நின்று கேட்டுப் பாருங்கள். வேலைக்காக என்பார் ஒருவர். நாலு பேர் மதிக்க வேண்டுமே, அதற்காக என்பார் இன்னொருவர். பையன் இங்கிலீஷ் பேச வேண்டும், அதற்காகத்தான் என்பார் மூன்றாமவர். மரவள்ளிக் கிழங்கு விற்றுக் கைக்கு வந்த பணத்தை, கை சூடு ஆறுமுன் கட்டணமாகக் கட்டிவிட்டு வருகிற உழவனுக்கு அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால், பிள்ளையை மனிதனாக்குவதற்காக என்று சொல்லுகிற குரல் எங்கே? அந்தக் குரலைத் தேடித்தான் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதரின் வாழ்க்கையை இன்று புரட்டுகிறோம்.

அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. பிறந்தது 1682ஆம் ஆண்டு, ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்சுநிட்சு என்னும் சிற்றூரில். தந்தை தானிய வணிகர். தாயும் தந்தையும் அவர் சிறுவனாக இருக்கும்போதே மறைந்தனர். நோஞ்சான் உடம்பு, தாயற்ற வீடு, தந்தையற்ற வாழ்வு. அந்தப் பிள்ளைக்குத் துணையாக வந்தது ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடம்.

எப்படிப்பட்ட பள்ளிக்கூடம்? அதை விளக்கினால்தான் கதை விளங்கும். ஐரோப்பாவில் கிறித்தவக் கல்வி என்பது இரண்டு ஊற்றுகளிலிருந்து பெருகிய ஆறு. ஒன்று, கிரேக்கரும் உரோமரும் விட்டுச் சென்ற பழங்கல்வி. முதலில் இலக்கணம், மொழியைப் பிழையறக் கற்பது. அடுத்து தருக்கம், சரி எது, தவறு எது என்று சிந்தித்து அறிவது. அதற்கடுத்து சொற்கலை, அறிந்ததை அழகுற எடுத்துரைப்பது. மற்றொன்று, மார்ட்டின் லூதர் திறந்துவிட்ட ஊற்று. 1524ஆம் ஆண்டில் லூதர் ஜெர்மன் நகரங்களின் ஆட்சியாளருக்கெல்லாம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: பள்ளிகளைத் திறவுங்கள், பையன்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் திறவுங்கள் என்பது அதன் சாரம். காரணம் எளியது. வேதத்தை ஒவ்வொருவரும் தம் கண்ணாலேயே படிக்க வேண்டும். இடையிலே ஒரு தரகர் கூடாது. அப்படியானால் உழவன் மகனுக்கும் எழுத்துத் தெரிய வேண்டும், சலவைக்காரி மகளுக்கும் எழுத்துத் தெரிய வேண்டும். அதுவும் தாய்மொழியில் தெரிய வேண்டும். கோயில் கருவறையைப் போலக் கல்வியையும் பூட்டி வைத்த நாட்டிலே பிறந்த நமக்கு இந்தத் தத்துவத்தின் எடை தெரியும். வேதத்தைக் கேட்டாலே குற்றம் என்றது ஒரு முறை. படிக்காவிட்டால் குற்றம் என்றது இன்னொரு முறை!

இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற சீகன்பால்கு, 1703இல் ஆலே நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர் ஆகஸ்ட் எர்மன் பிராங்கே. ஏழைகளுக்கென வைத்த உண்டியலில் விழுந்த சிறு தொகையை முதலாகக் கொண்டு 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கியவர் அவர். அது வளர்ந்தது, அனாதை இல்லமாகி, பள்ளிகளின் கூட்டமாகி, அச்சகமும் மருந்தகமும் கொண்ட ஒரு சிற்றூராகவே விரிந்தது. அங்கே படிப்பும் உண்டு, தொழுகையும் உண்டு, கைத்தொழிலும் உண்டு. நேரத்துக்கு எழுவது முதல் நேரத்துக்கு உறங்குவது வரை எல்லாவற்றிலும் ஒழுங்கு. அறிவு மட்டும் வளர்ந்து குணம் வளராவிட்டால் அந்தக் கல்வியால் பயனில்லை என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் கொள்கையை நெஞ்சிலே தாங்கிய இளைஞரை, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு தேர்ந்தெடுத்துத் தமிழகத்துக்கு அனுப்பினார். 1705 நவம்பரில் கப்பல் ஏறினார். துணைக்கு வந்தவர் என்றிக்கு புளுட்சோ. ஏழு மாதத்துக்கும் மேலான கடற்பயணம். 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையைக் கண்டனர்.

தரங்கம்பாடி! தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல், டேனியர் ஒப்பந்தம் செய்து கோட்டை கட்டிய ஊர். மிளகுக்காக வந்தவர்கள் அவர்கள். மன்னர் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்தும் கோட்டைத் தளபதி இந்த இருவரையும் முகம் கொடுத்து வரவேற்கவில்லை. வாணிகக்காரனுக்குப் பள்ளிக்கூடம் கசப்பு. கூலிக்காரன் படித்துவிட்டால் கணக்குக் கேட்பானே!

சீகன்பால்கு என்ன செய்தார்? முதல் வேலையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். எப்படிக் கற்றார்? இங்கேதான் அந்த மனிதரின் பெருமை. ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதினார்கள். அவர்களோடு தரையில் அமர்ந்து, இலத்தீனும் கிரேக்கமும் கற்ற அந்த இருபத்து நான்கு வயது இளைஞர், மணலில் விரல் வைத்து எழுதினார். ஆசிரியராக வந்தவர் மாணவரானார்! நம் மண்ணிலே பிறந்தும் தமிழ் தெரியாது என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும்.

எழுத்தோடு நின்றாரா? இல்லை. ஏடு தேடிப் புறப்பட்டார். தம்மிடம் இருந்த எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி, கைம்பெண்களிடம் முடங்கிக் கிடந்த ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708இல் தம்மிடம் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புடன் ஒரு பட்டியலே எழுதினார். தொல்காப்பியமும் திருக்குறளும் அந்தப் பட்டியலில் உண்டு. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழனுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்க வந்தவர், தமிழனிடம் ஏற்கெனவே ஒழுக்க நூல் இருப்பதைக் கண்டு, அதைத் தம் நாட்டாருக்கு அறிவித்தார். தமிழ்ப் பிள்ளையின் திண்ணைப் பாடத்துக்கும் தாம் படித்த இலத்தீன் பாடத்துக்கும் இடையே உறவு இருப்பதை அவர் கண்டார். இரண்டிலும் முதலில் மனப்பாடம், பிறகு பொருள், பிறகு ஒழுக்கம். முறை ஒன்று, மொழிதான் வேறு.

1707ஆம் ஆண்டில் அவர் பள்ளிகளைத் திறந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கல்வி. பெண் குழந்தைகளுக்கும் பள்ளி! 1707ஐ நினைவில் வையுங்கள். பெண்ணின் கையில் ஏடு கொடுப்பதே தீது என்று வீட்டுக்கு வீடு நம்பிய காலம் அது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்தார். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பது கடலோரத்தில் அன்றே தெரிந்திருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகல் உணவு கொடுக்கத் தொடங்கியதும், 1956இல் காமராசர் அதை நாடெங்கும் விரித்ததும், 1982இல் சத்துணவாக அது வளர்ந்ததும், 2022இல் காலைச் சிற்றுண்டியாக அது நீண்டதும் நாம் அறிந்த வரலாறு. அந்த நீண்ட வரிசையின் முன்னே, தரங்கம்பாடிப் பள்ளியில் வைத்த சோற்றுத் தட்டும் ஒன்று உண்டு.

அவருக்குப் பகை வளர்ந்தது. ஒரு கைம்பெண்ணுக்கு வரவேண்டிய பணம் பற்றிய வழக்கில் தலையிட்டார் என்று கோட்டைத் தளபதி சினந்தார். 1708 நவம்பரில் பிடித்துக் கோட்டைச் சிறையில் தள்ளினார். நான்கு மாதம் கடற்காற்றும் கல்சுவருமே துணை. வெளியே வந்தவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

பள்ளிக்குப் புத்தகம் வேண்டும். ஓலையில் எழுதி எத்தனை பேருக்குக் கொடுப்பது? இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஆலேயிலிருந்து 1713இல் தமிழ் எழுத்துகள் வந்தன. தமிழ் அச்சேறுவது அது முதல் முறை அன்று. 1578லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருந்தது. ஆனால் நின்றுபோயிருந்த அந்தப் பணி தரங்கம்பாடியில் மீண்டும் உயிர் பெற்றது. புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பெயர்ப்பு 1714லும் 1715லும் அச்சேறியது. எழுத்தும் தாளும் போதவில்லை. எழுத்து வார்க்கவும் தாள் செய்யவும் அங்கேயே முயன்றார்கள். 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஆலே நகரில் வெளிவந்தது. அந்தப் பயணத்தில் அவருடன் ஐரோப்பா சென்று உதவியவர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர். அதே ஆண்டில் திரும்பி வந்து, உள்ளூர் ஆட்களையே ஆசிரியராகப் பயிற்றும் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

புகழ்ந்தே முடித்துவிட நாம் புராணிகர் அல்ல. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்கவில்லை. தமிழரின் வழிபாட்டைப் பிழை என்று எழுதியவர். அவர் ஏந்திய நம்பிக்கையைப் பகுத்தறிவு வழி நிற்பவர் ஏற்கவேண்டியதில்லை. அவர் போனபின் அந்தத் திருச்சபைகளுக்குள்ளேயே சாதி நுழைந்து, தனித்தனி இடம் போட்டு அமர்ந்தது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டொழியுங்கள் என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் சபையார் எதிர்த்துக் கிளம்பினர். ஆண்டவன் முன்னே எல்லோரும் சமம் என்று பாடம் படித்தவர்கள், பாயிலே சமமாக உட்கார மறுத்தார்கள்! எந்த மதத்தின் பெயரைச் சூட்டினாலும், சாதியை வெளியே நிறுத்தாத பள்ளி அரைப் பள்ளிதான்.

ஆனாலும் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தமிழரின் தெய்வங்களைப் பற்றி, தமிழரிடமே கேட்டும் அவர்கள் ஏடுகளைப் படித்தும் 1713இல் ஒரு பெருநூல் எழுதி ஆலேக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. அந்த மதத்தை ஒழிக்கப் போனவருக்கு அதைப் பரப்பும் வேலை எதற்கு என்ற எண்ணம். கையெழுத்துப் படியாகவே தூங்கிய அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. தாம் ஏற்காததைக்கூட அறிந்துகொண்டே மறுக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அது கற்றவனின் இலக்கணம்.

கடைசி அடி வெளியிலிருந்து வரவில்லை. சொந்த வீட்டிலிருந்தே வந்தது. கோபன்கேகனில் இந்தப் பணியை மேற்பார்த்த குழுவின் செயலாளர் வெண்ட் என்பவர் கடிந்து எழுதினார். மதத்தை ஓதுவதோடு நில்லாமல் பள்ளி என்ன, கட்டடம் என்ன, பிள்ளைகளுக்குச் சோறு என்ன என்பது அவர் கட்சி. உடலுக்குச் செய்யும் தொண்டும் உள்ளத்துக்குச் செய்யும் தொண்டும் பிரியாதவை என்பது சீகன்பால்கின் கட்சி. பள்ளிக்கூடத்தின் உயிர்க் கேள்வியே இதுதான். பிள்ளை வெறும் காதா, உபதேசத்தை ஊற்றிவிட்டுப் போக? அல்லது வயிறும் கையும் கண்ணும் கருத்தும் கொண்ட முழு மனிதனா? முழு மனிதன் என்று சொன்னவர், 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறு வயதில், நோயுற்ற உடலோடு கண் மூடினார். தாம் எழுப்பி 1718இல் திறந்துவைத்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. டேனியர் 1845இல் ஊரையே வெள்ளையரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வாணிகம் விலைக்குப் போயிற்று. பள்ளிக்கூடக் கொள்கை விலைபோகாமல் நின்றது.

தரங்கம்பாடி எங்கே, கெங்கவல்லி எங்கே என்று கேட்கலாம். சுவேத நதிக்கரையில் நின்று மேற்கே தலையை உயர்த்திப் பாருங்கள், கொல்லிமலை தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மலையில் குடியேறிய ஜெசி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் இணையர், எழுத்தோடு தச்சு வேலையும் உழவும் மருத்துவமும் சேர்த்து மலைவாழ் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 1929இல் காய்ச்சல் கண்டு ஜெசி பிராண்ட் இறந்தார். அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். கடலோரத்தில் ஊன்றிய அதே கொள்கைதான் நம் மலையடிவாரம் வரை நடந்து வந்திருக்கிறது.

எனவே, பெற்றோரே, தோழர்களே! பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியின் வாயிலில் நின்று கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். என் பிள்ளை தன் தாய்மொழியில் பிழையின்றி எழுதுமா? என் மகனுக்குக் கிடைப்பது என் மகளுக்கும் கிடைக்குமா? ஏழை வீட்டுப் பிள்ளை பசியோடு திரும்பாமல் இருக்குமா? எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காருவார்களா? இந்த நான்குக்கும் ஆம் என்று விடை சொல்லுகிற பள்ளி, சிலுவை தாங்கியிருந்தாலும் சரி, அரசின் பெயர்ப்பலகை தாங்கியிருந்தாலும் சரி, அதுவே மனிதனை ஆக்குகிற பள்ளி. விடை இல்லை என்றால், மாடி எத்தனை உயர்ந்திருந்தாலும் அது கடைதான்.

கடல் கடந்து வந்த அயலானுக்கு நம் மணலில் அகரம் எழுத வெட்கமில்லை. நம் பிள்ளைகள் அந்த அகரத்தை எழுத வெட்கப்படும் நிலையை நாம் விட்டுவைக்கலாமா?