மாங்காய்க் காம்பில் மெழுகு: அக்பர் காலத்துப் பக்குவம்

மாங்காய் பறிக்க ஆள் விடப் போகிறீர்களா? அதற்கு முன் அக்பர் அரண்மனையில் மாங்காயை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள்.

அக்பர் பிறந்தது 1542-ல், சிந்துப் பாலைவன ஓரத்து உமர்கோட்டில். தந்தை ஹுமாயூன் அப்போது அரசை இழந்து ஓடிக்கொண்டிருந்தார். 1556-ல் ஹுமாயூன் இறந்தபோது மகனுக்கு வயது 13. பஞ்சாபில் கலானூர் என்ற ஊரில், ஒரு தோட்டத்தில் வைத்தே முடிசூட்டினார்கள். அக்பருக்கு எழுதப் படிக்க வராது. பிறர் வாசிக்கக் கேட்டே கற்றுக்கொண்டார்.

பீகாரின் தர்பங்கா அருகே ஒரு லட்சம் மாமரம் நடச் செய்தார் என்று சொல்வதுண்டு. யார் எண்ணிப் பார்த்தார்களோ! ஆனால் அவரது அவை அறிஞர் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் உறுதியான செய்திகள் இருக்கின்றன. வங்காளம், குஜராத், மாளவம், தக்காணம் போன்ற இடங்களில் மா அதிகம், பஞ்சாபில் குறைவு. 1585-ல் அக்பர் லாகூரைத் தலைநகராக்கிய பிறகு அங்கும் மா சாகுபடி கூடியதாம்.

அரைப்பழமாக இருக்கும்போது இரண்டு விரல் நீளக் காம்போடு பறித்து, காம்பின் முனையைச் சூடான மெழுகால் அடைத்து, வெண்ணெயிலோ தேனிலோ வைப்பார்கள். இரண்டு மூன்று மாதம் சுவை மாறாது என்கிறது அந்த நூல். வெண்ணெயும் தேனும் அரண்மனைக்குச் சரி. நமக்கு வேண்டியது அந்தக் காம்பு. காம்பு அடியோடு ஒடிந்தால் பால் பீய்ச்சித் தோலில் படும். பட்ட இடம் கருத்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் உலுக்கிப் பறிக்காமல், வலை கட்டிய தொரட்டியால் ஓர் அங்குலக் காம்பு விட்டுப் பறியுங்கள். பிறகு நிழலில் காம்பை நறுக்கி, காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுங்கள்.

மரத்தைச் சுற்றிப் பாலும் வெல்லப்பாகும் ஊற்றினால் பழம் இனிக்கும் என்றும் எழுதியிருக்கிறார். இன்றைய பால் விலைக்கு அது கட்டாது, தொழுவுரமே போதும். ஒரு வருடம் அதிகமாகவும் மறுவருடம் குறைவாகவும் காய்ப்பதையும் அவர் குறித்திருக்கிறார். அதிகம் காய்த்த மரம் களைத்துவிடும், பூக்கும் பருவத்துக்குள் புதுத்தளிர் முதிராது. அறுவடை முடிந்த உடனே காய்ந்த கிளைகளைக் கழித்து உரமிடுவது இதற்காகத்தான்.

1602-ல் அபுல் ஃபசல் கொல்லப்பட்டார். ஏவியவர் அக்பரின் மகன் சலீம், பின்னாளைய ஜஹாங்கீர். அந்தத் துயரத்தோடு மூன்று ஆண்டுகள் வாழ்ந்த அக்பர், 1605-ல் ஆக்ராவில் காலமானார்.