விரல்ல மாட்டுற கிளிப்புக்கு முன்னாடி ஒரு ஹால்டேன் இருந்தார்!

கீழ்பென்னாத்தூர்ல உங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. கொரோனா சமயத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஏதாவது மூலையில கிடக்கும். விரல்ல மாட்டினா 97, 98-னு காட்டும். ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க, விஷவாயுவையே சுவாசிச்சுப் பார்த்த ஒருத்தர் இருந்தார். பேர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1860-ல் எடின்பரோவில் பிறந்தவர். டாக்டருக்குப் படிச்சாலும் அவரை இழுத்தது சாக்கடையும் சுரங்கமும்தான். 1896-ல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பில் 57 பேர் இறந்தாங்க. உடல்களைப் பரிசோதிச்ச ஹால்டேன், பெரும்பாலானவங்களைக் கொன்னது வெடி இல்லை, கார்பன் மோனாக்சைடுன்னு சொன்னார். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, அதுமாதிரி ரத்தத்துல ஆக்ஸிஜனோட சீட்டைப் பிடிச்சுக்கிற வாயு அது. முந்தின வருஷமே தன் ரத்தத்துல அது பாதிக்கு மேல ஏறுற வரைக்கும் சுவாசிச்சு, என்ன ஆகுதுன்னு குறிச்சு வெச்சவர் இவர். துணிச்சல்னு சொல்றதா, கிறுக்குன்னு சொல்றதா?

ரத்தத்துல ஒரு ரசாயனத்தைக் கலந்து, வெளியேறுற ஆக்ஸிஜனை அளக்கும் முறையையும் உருவாக்கினார். அப்போ அளக்கணும்னா ரத்தம் எடுத்தே ஆகணும். ஊசி இல்லாம, ஒளியையும் நாடித்துடிப்பையும் வெச்சு அளக்கிற வழி 1974-ல் ஜப்பானின் டகுவோ அயோகியால்தான் வந்தது.

1915-ல் ஈப்ரே போர்க்களத்துல குளோரின் வாயு வீசப்பட்டப்போ, அது என்னன்னு கண்டுபிடிக்க பிரிட்டன் அரசு அனுப்பினது ஹால்டேனைத்தான். நுரையீரல் வெந்து, உதடு நீலம் பாரிச்ச சிப்பாய்களைப் பார்த்தார். அதுவரை ஆக்ஸிஜன் சிகிச்சைன்னா மூக்குக்கிட்ட ஒரு புனலைப் பிடிக்கிறதுதான். பாதி காத்தோட போயிடும். அளவோட, விடாம ஆக்ஸிஜன் தர்ற முகமூடியை அவர் வடிவமைச்சார். 1917-ல் அதைப்பத்தி எழுதினார். இன்னிக்கு வார்டுல நீங்க பார்க்கிற மாஸ்க்குக்கு அது முன்னோடி.

ஒரு விஷயம் கவனிங்க. கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தை உங்க கிளிப்பு ஆக்ஸிஜன் உள்ள ரத்தம்னே நினைச்சுக்கும். மார்கழிக் குளிருக்குக் கதவைச் சாத்திட்டு உள்ளே கரி மூட்டி மயங்கினவர் விரல்லயும் 98 காட்டலாம். அந்த நம்பரை நம்பாம, அவரை வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு வந்து 108-க்கு போன் பண்ணுங்க.

ஹால்டேன் 1936-ல் நிமோனியாவில் இறந்தார். அப்பாவோட சோதனைகள்ல சின்ன வயசுலயே கலந்துக்கிட்ட மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1957-ல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்துல காலமானார். அவர் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தாங்க.