மூப்பை ஆராய்ந்த மெச்னிகோவ்

மனிதன் ஏன் மூப்படைகிறான் என்னும் வினா தத்துவ ஞானிகளுக்கே உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அதனை விஞ்ஞானத்தின் நியாயஸ்தலத்தில் நிறுத்தி விசாரிக்கத் துணிந்தவர்களுள் முதன்மையானவர் ஈலியா மெச்னிகோவ்.

ருஷ்ய சாம்ராஜ்யத்திற்கு அக்காலத்தில் உட்பட்டிருந்த கார்கோவ் நகருக்கு அருகே 1845-ம் வருஷம் அவர் பிறந்தார். நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்த மேதை. ஆயினும், வாழ்க்கை அவருக்கு இனிமையாக அமையவில்லை. 1869-ல் அவர் மணந்த மங்கை க்ஷயரோகத்தால் நலிந்திருந்தமையால், அவளை நாற்காலியில் வைத்தே மாதா கோயிலுக்குச் சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. நான்காண்டுகளில் அவள் மறைந்தாள். துயரம் தாளாது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், தெய்வாதீனமாகப் பிழைத்தார்.

1882-ல் ஒடெஸா சர்வகலாசாலைப் பதவியைத் துறந்து, இத்தாலியைச் சேர்ந்த மெஸ்ஸினாவை அடைந்தார். அங்கே நட்சத்திர மீனின் இளம்பருவ உடலில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாட்காலை பார்க்கையில், நடமாடும் உயிரணுக்கள் அம்முட்களைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருக்கக் கண்டார். உடலுக்குள் புகும் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவற்படை ஒன்று உண்டென்னும் உண்மை இவ்வாறு வெளியாயிற்று. 1888 முதல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனமே அவருடைய தவச்சாலை. 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிற்காலத்தில் அவருடைய கருத்து முழுவதும் மூப்பின்மீது சென்றது. பெருங்குடலில் வாழும் அழுகற் கிருமிகள் நஞ்சினை உண்டாக்குகின்றன. அந்நஞ்சே உடலைத் தளர்த்துகிறது என்பது அவர் கொள்கை. பல்கேரியாவில் நூறு வயதைக் கடந்தவர் பலர் உளரென்றும், அந்நாட்டார் புளித்த பாலை மிகுதியாக உண்பரென்றும் கேள்வியுற்றார். ஸ்டாமென் கிரிகோரவ் என்னும் பல்கேரிய மாணவர் அத்தயிரிலுள்ள கிருமியை 1905-ல் ஆராய்ந்து வெளியிட்டார். அக்கிருமி குடலைப் புளிப்பாக்கி அழுகலைத் தடுக்குமென்று நம்பிய மெச்னிகோவ், நாள்தோறும் புளித்த பாலை அருந்தி வந்தார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? தயிர் மாத்திரைகள் கடைதோறும் மலிந்தன!

சாட்சியத்தைச் சற்றே நிறுத்துப் பார்ப்போம். நீண்ட ஆயுளும் தயிருணவும் ஒரே நாட்டில் காணப்படுதல், ஒன்று மற்றொன்றிற்குக் காரணமென்பதற்கு ருசுவாகாது. பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லையெனப் பின்வந்தோர் கண்டனர். பெருங்குடல் வேண்டாத உறுப்பென்று அதனை அறுத்தெறிந்த சத்திர வைத்தியர்களும் அக்காலத்தில் இருந்தனர். ஒரு கொள்கை நிரூபணத்தை முந்திக்கொண்டு ஓடினால் நேரும் விபரீதம் இது. மெச்னிகோவோ 1916-ம் வருஷம் ஜூலை மாதத்தில், தமது 71-வது வயதில், இருதய நோயால் காலமானார்.

எனினும், அவருடைய வழக்கு தள்ளுபடியாகிவிடவில்லை. நமது உடலணுக்களின் தொகைக்கு ஏறக்குறைய ஈடாக, சுமார் 38 லட்சம் கோடி கிருமிகள் நம்முள் வாழ்வதாக 2016-ல் மதிப்பிடப்பட்டது. அவற்றுட் பல பகைவரல்ல. நாம் ஜீரணிக்க இயலாத நார்ப்பொருளைச் சிதைத்து, குடற்சுவருக்கு ஊட்டமளிப்பவை. ஆப்பிரிக்கச் சிறுமீன் இனமொன்றில், இளமீன்களின் குடற்கிருமிகளைப் பெற்ற நடுவயது மீன்கள் கூடுதலான நாள் வாழ்ந்தமை 2017-ல் வெளியாயிற்று. மீனுக்கு மெய்யானது மனிதனுக்கும் மெய்யாகுமா என்பது இன்னும் விசாரணையில் உள்ளது.

தயிரையும் மோரையும் நாம் தாராளமாக உண்போம், அவை நல்லுணவே. ஆயுளை நீட்டுமென்று அவற்றைப் புட்டியிலடைத்து விற்போரிடம் மட்டும், ருசு எங்கே என்று கேட்போமாக.